முக்கியத்துவம்: குறைவு

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கக் கை நீட்டினேன். பாட்டிலுக்குப் பின்னால் என் நாத்தனாரின் மடிக்கணினி திறந்திருந்தது. திரையில், இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில், ஏதோ ஒரு சின்ன ஊரைப் பற்றிய கட்டுரை. மொத்தமே இரண்டு பத்தி. அந்த ஊரின் யூதர்கள் அத்தனை பேரையும் ஒரே காலைப்பொழுதில், ஊருக்கு வெளியே மணல் அள்ளிய பள்ளத்துக்கு நடத்திக்கொண்டு போய்ச் சுட்டுக் கொன்றார்கள் என்று கடைசி வரி சொன்னது. பக்கத்தில் இன்னொரு சாளரம். அதில் ஒரு கட்டம். கட்டத்துக்குள்:

தரம்: குறுங்கட்டுரை.
முக்கியத்துவம்: குறைவு.

நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

"யாரும்மா போட்டது இந்தக் குறைவு?"

"நான்தான் அண்ணி" என்றாள், வாயில் கவ்விய பென்சிலோடு.

என் நாத்தனாரை வீட்டில் டீச்சர் என்று கூப்பிடுவோம். அவள் டீச்சர் இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஆனால் காபி கொடுத்தால் ஒரு வாய் குடித்துவிட்டு "ஆறரை" என்பாள். சின்ன வயதில் தன் அண்ணனின் தலைவாரலுக்குக்கூட மார்க் போட்டவள். இப்போது விடுமுறை நாட்களில் கலைக்களஞ்சியக் கட்டுரைகளுக்குப் போடுகிறாள், சம்பளமில்லாமல். யூத வரலாற்றுப் பிரிவை ஏன் எடுத்தாய் என்று ஒருமுறை கேட்டதற்கு, "அங்கதான் அண்ணி மார்க் போடாம நிறைய கெடந்துச்சு" என்றாள். காரணம் அவ்வளவுதான்.

என் கணவர் எட்டிப் பார்த்தார். "பாத்தியா, செத்தவங்களையும் ஃபெயிலாக்கிட்டா எங்க டீச்சர்."

யாரும் சிரிக்கவில்லை. அவரே சிரிக்கவில்லை.

"நான் செத்தவங்களுக்கு மார்க் போடலண்ணா. கட்டுரைக்குப் போடறேன். தரம்னா எப்படி எழுதியிருக்குங்கறது. முக்கியத்துவம்னா வேற." என் பக்கம் திரும்பினாள். "யூத வரலாறு மொத்தத்துக்கும் நூறு பக்கம்தான் இடம்னு வெச்சுக்கங்க அண்ணி. எது உள்ள வரும்? அதுக்குத்தான் இந்த வரிசை. இந்த ஊர் வராது. இது மாதிரி ஊரு அவ்வளவு இருக்கு."

"இது மாதிரியேவா?"

"ஆமா. அதான் குறைவு."

அவள் சொன்னதில் ஓட்டை தேடினேன். இல்லை. எனக்கு விழுந்த முதல் அடி அதுதான். கொடூரமான ஒருத்தி சொல்லியிருந்தால் கோபப்பட்டு முடித்திருப்பேன். என் நாத்தனார் நல்லவள், கணக்கும் சரி. இத்தனை ஊர்களுக்கு இதே நடந்ததால், இந்த ஊருக்கு நடந்தது முக்கியமில்லை.

2

இதைக் கதையாக எழுதலாம் என்று அன்றைக்கே உட்கார்ந்தேன். என் எழுத்தின் வெட்கக்கேடு இது: அதிர்ச்சி ஆறுவதற்குள் பேனாவைத் தேடுவேன்.

முதல் தொடக்கம்: "அவள் மேசையில் விரல்களால் தாளம் போட்டபடி—" (விட்டுவிட்டேன். விரல்களால் தாளம் போடுபவர்கள் கதைகளில்தான் இருக்கிறார்கள். டீச்சர் பென்சில் கடிப்பவள்.)

இரண்டாம் தொடக்கம்: "வரலாறு என்பது" (இப்படித் தொடங்கிய எந்த வாக்கியத்தையும் நான் முடித்ததில்லை.)

மூன்றாவதற்கு முன்னால், அந்தக் கட்டுரையில் இருந்த நான்கு வரிகளைச் சொல்லவேண்டும். ஊர் எங்கே இருக்கிறது, எத்தனை வீடு என்பதற்கும் மணல் பள்ளத்துக்கும் நடுவில் அவை சம்பந்தமில்லாமல் உட்கார்ந்திருந்தன:

ஊர்க் கிணற்று நீர் உப்புக் கரிக்கும், ஆனால் வெளியூர்க்காரரிடம் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ரொட்டிக்கடைக்காரரும் அவர் மனைவியும் பேசிக்கொள்வதில்லை; தங்கள் பூனையிடம்தான் சொல்வார்கள், மற்றவர் கேட்டுக்கொள்வார். பள்ளியின் மணி ஒரு பக்கம் உடைந்தது. ஜெப ஆலயத்தில் பெண்கள் மாடத்துக்கு ஏறும் படிகளில் மூன்றாவது படி சத்தம் போடும்; தாமதமாக வருகிறவளை அது காட்டிக்கொடுத்துவிடும்.

நான்கு வரிகளின் முடிவிலும் சிவப்பில் ஒரு குறி: 'ஆதாரம் தேவை.'

மூன்றாம் தொடக்கம்: "மூன்றாவது படி காட்டிக்கொடுத்துவிடும் என்று அந்தச் சிறுமிக்குத் தெரியும். காலணிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். சுவரோரமாக, மூச்சைப் பிடித்து, காலுறை மட்டும் அணிந்த பாதங்களால் ஏறினாள்."

இதை மட்டும் அடிக்கவில்லை. பிடித்திருந்தது. (படி, கட்டுரையில் இருந்தது. சிறுமியும் காலணியும் காலுறையும் நான் போட்டவை. தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

3

அடுத்த ஞாயிறு அந்தக் கட்டுரையின் தலையில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. டீச்சரைப் போலவே வேலை செய்யும் வேறு யாரோ வைத்தது. கட்டுரை மிகச் சிறியது, முக்கியத்துவமும் குறைவு. ஆகவே தனிப்பக்கத்தை நீக்கி, மாவட்டத்தைப் பற்றிய அட்டவணையில் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம், மறுப்பவர்கள் ஒரு மாதத்துக்குள் சொல்லவும்.

"நீ போட்ட 'குறைவு'தான் சாட்சியா?"

"அதுவும் ஒரு காரணம்" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

ஒரே ஒருவர் மறுத்திருந்தார். கட்டுரையை முதலில் எழுதியவர். டீச்சர் அவரைப் பூட்டுக்காரர் என்பாள், அவர் தொழிலே அதுதான். தன்னை அப்படித்தான் அறிமுகம் செய்துகொண்டார்:

"நான் பூட்டு ரிப்பேர் செய்கிறவன். எழுத வராது. அந்த ஊரில் பிறந்தவர் என் அம்மா. கொஞ்ச மாதம் முன்னதாகவே வெளியூர் அத்தையிடம் அனுப்பப்பட்டதால் பிழைத்தவர். இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ஊர்ப் பெயரைத் தேடினால் ஏதாவது வருகிறதா என்று ஒருநாள் கேட்டார். வரவில்லை. அதனால் எழுதினேன். அந்த நான்கு வரிகள் அவர் சொன்னவை. வாரம் ஒருமுறை போய் வாசித்துக் காட்டுகிறேன். அவர் இருக்கும்வரையாவது பக்கத்தை எடுத்துவிடாதீர்கள்."

(அவர் எழுதியது வேறு மொழி. தமிழ் என்னுடையது. 'இருக்கும்வரையாவது' என்ற சொல்லின் கெஞ்சல் அவருடையதா என்னுடையதா என்று எனக்கே சந்தேகம்.)

டீச்சர் அதை இரண்டு முறை படித்தாள். பென்சிலை மேசைமேல் வைத்தாள். "முக்கியத்துவத்தை நான் நெனச்சபடி ஏத்த முடியாது அண்ணி. ஆனா தரத்தை ஏத்தலாம். தரம் நல்லா இருந்தா யாராலயும் அட்டவணைக்குள்ள தள்ள முடியாது."

அந்த மாதம் முழுக்க அவள் அதற்காக உழைத்தாள். வேலைக்குப் போகும் பேருந்தில்கூட. பழைய வரைபடம், மக்கள்தொகை, சுட்டவர்கள்மேல் பின்னால் நடந்த வழக்கின் தீர்ப்பு, அந்தக் காலைப்பொழுதின் விவரம். ஒவ்வொரு வரிக்கும் அடிக்குறிப்பு. எழுதியவரே மார்க் போடக்கூடாது என்பது அவர்கள் விதி. அதனால் வேறொருவரிடம் கொடுத்தாள். அவர் ஒவ்வொரு அடிக்குறிப்பாகச் சரிபார்த்துவிட்டுப் போட்டார். தரம்: நல்லது. அறிவிப்பு நீக்கப்பட்டது.

டீச்சர் ஐஸ்கிரீம் வாங்கி வந்தாள். "டீச்சரே பாஸாயிட்டாங்கப்பா!" என்று என் கணவர் கரண்டியால் மேசையைத் தட்டினார். நான் கட்டுரையைப் படிக்க ஆரம்பித்தேன். ஐஸ்கிரீம் கிண்ணத்திலேயே உருகியது.

பூனையைக் காணோம்.

கிணறு இல்லை. மணி இல்லை. படி இல்லை.

"நாலு வரியை எடுத்துட்டியா?"

"எடுக்காம எப்படி அண்ணி? ஆதாரமில்லாத வரி ஒண்ணு இருந்தாலும் தரம் ஏறாது. அம்மா சொன்னாங்கங்கறது ஆதாரத்துல சேராது. பக்கத்தைக் காப்பாத்தத்தானே எடுத்தேன்?"

அன்று சாயங்காலமே பூட்டுக்காரரின் குறிப்பு வந்தது. "மிக்க நன்றி. வீட்டைக் காப்பாற்றிவிட்டீர்கள். அம்மாவை மட்டும் வெளியே நிறுத்திப் பூட்டிவிட்டீர்கள்."

4

இங்கே நான் கட்டுரை எழுதுகிறவள்போலப் பேசப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், சின்னப் பகுதிதான்.

காப்பாற்றப்பட்ட கட்டுரையில் மிகச் சிறந்த பகுதி கடைசிப் பத்திதான். தேதி, நேரம், எந்தத் தெரு வழியாக நடத்திப் போனார்கள், எத்தனை பேர். குழப்பமே இல்லாத, தெளிவான பத்தி. எனக்கே பொறாமை வரும்படியான நடை. அதன் அடிக்குறிப்பில் விரலை வைத்துக் கேட்டேன்.

"இவ்வளவு விவரம் எங்கேர்ந்தும்மா கெடைச்சுது?"

"அவங்க மேலிடத்துக்கு அனுப்பின அறிக்கை அண்ணி."

"யாரு அனுப்பினது?"

"சுட்டவங்க. ரொம்ப நம்பகமான ஆதாரம். எல்லாத்தையும் அன்னன்னிக்கே எழுதியிருக்காங்க, தோட்டா எத்தனைங்கறது வரைக்கும்—"

நிறுத்தினாள். சொன்னது அவள் காதிலேயே விழுந்துவிட்டது. உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நான் எழுந்துபோய் மூடவில்லை.

கொன்றவர்களின் வரிக்கு ஆதாரம் இருக்கிறது. பூனையின் வரிக்கு இல்லை. பூனையைப் பார்த்தவர்களில் அந்த அம்மாவைத் தவிர எல்லோரும் கொன்றவர்களின் வரிக்குள் ஓர் எண்ணாக இருக்கிறார்கள். அதனால்தான் இல்லை. ஒரு கட்டுரையின் தரம் நல்லதாக ஆக ஆக, அதில் உயிரோடு இருந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். யாரும் தப்புச் செய்யவில்லை. விதி ஒவ்வொன்றும் நியாயமானது. பொய்யை உள்ளே விடாமல் இருக்கத்தான் அந்த விதிகள். இந்தக் கொலைகள் நடந்ததே இல்லை என்று சாதிக்கிறவர்கள் அந்தப் பக்கங்களில் தினமும் வந்து கையை வைக்கிறார்களாம், டீச்சர் சொன்னாள். ஆதாரம் கேட்காவிட்டால் நாளைக்கு மணல் பள்ளமே காணாமல் போய்விடும்.

நான் அதிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அதிர்ச்சியில் ஒருவரைக் கைகாட்ட முடிந்தால் பாதி இறங்கிவிடும். காட்ட ஆள் இல்லை.

(கட்டுரைப் பகுதி முடிந்தது.)

5

"அண்ணி, ஒரு வழி இருக்கு" என்றாள் டீச்சர், அதற்கடுத்த வாரம். "நீங்க எழுதுங்க."

"என்னத்த?"

"அவங்கம்மாவோட ஞாபகத்தை. பத்திரிகையில அச்சுல வரட்டும். எந்த மொழியா இருந்தாலும் பரவால்ல. அச்சுல வந்துட்டா, 'இப்படி நினைவுகூர்கிறார்'னு நான் மேற்கோள் காட்டலாம். நாலு வரியும் உள்ள வந்துடும், அடிக்குறிப்போட."

"நான் எழுதினா அது கதையாயிடுமே."

"கதையை மேற்கோள் காட்ட முடியாது. இந்த ஒரு தடவை கதை விடாம எழுதுங்களேன்."

பூட்டுக்காரர் முதியோர் இல்லத்தில் அம்மா பேசியவற்றைப் பதிவுசெய்து அனுப்பினார். கீறல் விழுந்த குரல். நீண்ட மௌனங்கள். பின்னணியில் யாரோ தள்ளிக்கொண்டு போகும் வண்டியின் சத்தம். டீச்சர் வரி வரியாக எனக்குத் தமிழில் சொன்னாள், நான் எழுதினேன். கிணறு, பூனை, மணி, படி. ஒரு அக்கா இருந்தாள் என்று ஒரே ஒரு இடத்தில் வந்தது, பிறகு வண்டிச் சத்தம் மூடிவிட்டது.

நான் வழக்கமாக எழுதும் பத்திரிகையின் ஆசிரியரிடம் சொன்னேன். அவருக்கு ஒரே ஒரு கேள்விதான். "கதையாம்மா, கட்டுரையா? தலைப்புக்கு மேல ஒரு வார்த்தை போடணும், வடிவமைக்கிறவர் கேக்கறார்."

"கட்டுரை" என்றேன். அந்தச் சொல் வாயில் புதுப் பல்லைப்போல இருந்தது.

எழுதி முடித்ததும் டீச்சர் மொழிபெயர்த்துப் பூட்டுக்காரருக்கு அனுப்பினாள். அம்மாவிடம் வாசித்துக் காட்டி, தப்பிருந்தால் சொல்லட்டும். நாம் சரியாகச் செய்கிறோம் என்று இருவருக்கும் பெருமை.

6

அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். குறிப்பு எழுதுகிறவர், கூப்பிட்டதே இல்லை. டீச்சர் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, எனக்காக உடனுக்குடன் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். அதனால் அவர் என் காதில் டீச்சரின் குரலில்தான் பேசினார்.

"அம்மா ஒக்காந்துட்டாங்க! படுக்கையில எழுந்து ஒக்காந்துட்டாங்க. அந்தப் படி வந்த எடத்துல என் கையைப் புடிச்சு நிறுத்தினாங்க. 'ஆமா, கழட்டிக் கையில எடுத்துக்குவேன். எடது காலுக்கு வாரு அறுந்திருக்கும், அதைப் பல்லுல கடிச்சுப் புடிச்சுக்குவேன்'னாங்க. சிரிக்கறாங்க! எனக்கு இது எதுவும் தெரியாது. என்கிட்ட சொன்னதே இல்ல. உங்ககிட்ட மட்டும் எப்படிச் சொன்னாங்க? எந்தப் பதிவுல இருக்கு அது?"

"எது?" என்று கேட்டேன்.

"காலணி."

டீச்சர் என்னைப் பார்த்தாள். நான் என் கைகளைப் பார்த்தேன்.

அழைப்பு முடிந்ததும் எல்லாப் பதிவுகளையும் மறுபடி போட்டுக் கேட்டோம். படி இருந்தது. காலணி எங்கேயும் இல்லை. பிறகு என் கணினியில் பழைய கோப்பைத் திறந்தேன். மூன்றாம் தொடக்கம். பிடித்திருந்ததால் அடிக்காமல் விட்ட மூன்று வாக்கியங்கள். பத்திரிகைக் கட்டுரையில் படியைப் பற்றி எழுதும் இடம் வந்தபோது, எனக்கே தெரியாமல் கை அங்கே போயிருக்கிறது, எடுத்திருக்கிறது, ஒட்டியிருக்கிறது. நல்ல வரியை வீணாக்க மனம் வராத கை. இருபது வருடமாக நான் பழக்கிய கை. மொழிபெயர்த்தபோது டீச்சரும் அது பதிவில் இருந்ததாகவே நினைத்திருக்கிறாள்.

"சொல்லிடணும் அண்ணி" என்றாள் டீச்சர்.

"அவங்களுக்கே ஞாபகம் வந்திருக்கலாமில்ல? வாரு அறுந்தது என் எழுத்துல இல்லியே. பல்லுல கடிச்சது இல்லியே."

"இல்ல."

"அப்ப அது அவங்களோடது."

"இல்லாட்டி உங்களோடதுலேர்ந்து மொளைச்சது."

அந்தப் படியில் ஏறும் எந்தக் குழந்தையும் காலணியைக் கழற்றத்தானே செய்யும் என்றேன். அதற்கு என்ன ஆதாரம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். "எங்க லேப்ல கலந்துபோன சாம்பிள் வந்தா தூக்கிப் போட்டுடுவோம்" என்றாள். "போட்டுட்டு, ஆளைக் கூப்பிட்டு மறுபடி எடுப்போம்."

"மறுபடி எங்க எடுக்கறது?"

டீச்சர் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

7

ஆசிரியரிடம் இன்னும் ஒரு வாரம் கேட்டேன். முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

முடிவு அ: பூட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்கிறேன். அவர் மன்னிக்கிறார். அம்மாவிடம் போய், 'அது அந்த எழுத்தாளரின் கற்பனை' என்று சொல்கிறார். அம்மா மறுபடி படுத்துக்கொள்கிறார்.

முடிவு ஆ: சொல்லவில்லை. கட்டுரை அச்சாகிறது. டீச்சர் மேற்கோள் காட்டுகிறாள் (காட்டமாட்டாள், அவளை எனக்குத் தெரியும், வேறு யாராவது காட்டுவார்கள்). என் காலணி ஓர் அடிக்குறிப்போடு வரலாற்றுக்குள் ஏறிவிடுகிறது. என்றைக்காவது ஒருநாள், மணல் பள்ளமே பொய் என்று சாதிக்கிற ஒருவன் அந்த அடிக்குறிப்பைப் பிடித்து இழுக்கிறான். காலணி கழன்று வருகிறது. 'பாருங்கள், இதுவே கற்பனை என்றால்—' என்று அவன் தொடங்குகிறான். அந்த வாக்கியத்தை எழுத என்னால் முடியவில்லை.

முடிவு இ: காலணியை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அச்சிடுகிறோம். நான்கு வரிகளும் உள்ளே வருகின்றன. எல்லாம் சரி. ஆனால் அறுந்த வாரும் பல்லில் கடித்ததும் போய்விடும். அவை அந்த அம்மா தன் வாயால் சொன்னவை. ஒருவேளை நான் தொட்டதால் வெளியே வந்த உண்மை. ஒருவேளை அவர் வாழ்நாளிலேயே கடைசியாகத் திறந்த கதவு. அதை எடுக்க நான் யார்? இருக்கட்டும் என்று சொல்லவும் நான் யார்?

முடிவு ஈ:

(ஈ இல்லை. எழுத ஆரம்பித்தபோது கீழே உள்ளது வந்துவிட்டது.)

8

இன்று மதியம் டீச்சர் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். கைபேசியை என்னிடம் நீட்டினாள். பூட்டுக்காரரின் குறிப்பு. அவள் தமிழில் சொன்னாள், இந்த முறை மெதுவாக.

"அம்மா உங்களிடம் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். 'அந்தப் படியில் என்னைப் பார்த்தவங்களைக் கேளு' என்கிறார். அப்போது நீங்கள் பிறக்கவே இல்லை என்று சொன்னேன். காதில் வாங்கவில்லை. 'அவங்க பார்த்திருக்காங்க, இல்லாட்டி எப்படி எழுதுவாங்க' என்கிறார். அவர் கேட்பது இது: அன்றைக்குத் தன் பின்னால் அக்கா ஏறி வந்தாளா? தனக்கு அவள் முகம் மறந்துவிட்டது, ஆனால் பின்னால் யாரோ மூச்சு விட்டது ஞாபகம் இருக்கிறது. அது அக்காதானா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்கிறார். தயவுசெய்து சொல்லுங்கள்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அந்த அக்கா, கடைசிப் பத்தியின் எண்ணுக்குள் இருக்கிறாள். பெயரில்லாமல், முகமில்லாமல், மிக நல்ல ஆதாரத்தோடு. அவளை அங்கிருந்து வெளியே கூட்டிவந்து ஒரு படியில் நிறுத்த என்னால் முடியும். ஒரு வாக்கியம் போதும். என் தொழிலே அது.

"தெரியாதுன்னு சொல்லுங்க அண்ணி" என்றாள் டீச்சர். "அதான் நேர்மை."

"சரி."

"தெரியாதுன்னே எழுதுங்க."

"எழுதறேன்."

அவள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, பதில் எழுதும் கட்டத்தைத் திறந்தாள். விரல்களை விசைகளின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் மொழிபெயர்த்து அடிக்கவேண்டும். அவள் காதோரம் வியர்த்திருந்தது. ஆயிரக்கணக்கான கட்டுரைகளுக்குத் தயங்காமல் மார்க் போட்டவள், என் முகத்தைப் பார்க்காமல் மெல்லக் கேட்டாள்:

"அண்ணி... வந்திருப்பாங்க இல்ல?"

தலைப்புக்கு மேல் போடவேண்டிய அந்த ஒரு சொல்லை நான் இன்னும் ஆசிரியருக்கு அனுப்பவில்லை. இதைக் கதை என்று சொன்னால் அக்கா வரலாம், ஆனால் அவள் வந்ததற்கு மதிப்பில்லை. கட்டுரை என்று சொன்னால் மதிப்பு உண்டு, அவள் வரமுடியாது. பூட்டுக்காரருக்குத் தமிழ் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் உங்களிடம் இவ்வளவும் சொல்கிறேனோ என்னவோ. நீங்கள் முதலிலிருந்து கூடவே வந்திருக்கிறீர்கள். எது ஊரிலிருந்து வந்தது, எது என் கையிலிருந்து வந்தது என்று இப்போது என்னைவிட உங்களுக்குத் தெளிவாகத் தெரியும். கட்டம் திறந்திருக்கிறது. டீச்சரின் விரல்கள் விசைகளின்மேல் இருக்கின்றன. முதியோர் இல்லத்தில் ஒரு வயதான பெண், படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, மகன் கைபேசியைப் பார்க்கும்வரை காத்திருக்கிறார்.

நான் தொடங்கிவைக்கிறேன்.

மூன்றாவது படிக்கு வந்ததும் அவள் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால்